கந்தப்பன் சிங்கப்பூருக்குக் கொண்டுபோன புகையிலை

கந்தப்பன் முப்பத்தொரு வருடம் ஒரே கேட்டில் நுழைந்து ஒரே கேட்டில் வெளியே வந்தவர். பீளமேட்டில் அவர் வேலை பார்த்த நூற்பாலைக்கு இப்போது கேட்டும் இல்லை, ஆலையும் இல்லை. அந்த இடத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த கணினி அலுவலகம் ஒன்று நிற்கிறது. 1972 ஜூன் ஐந்தாம் தேதி, திங்கட்கிழமை, பத்தொன்பது வயதில், பஞ்சைச் சிக்கெடுத்துச் சீவும் கார்டிங் பகுதியில் சேர்ந்தார். 2003இல் ஆலை மூடும்வரை பகுதியும் மாறவில்லை, ஆளும் மாறவில்லை.

பஞ்சு பறக்கும் இடத்தில் ஒரு பொறி விழுந்தால் போதும், மொத்தமும் சாம்பல். அதனால் கேட்டில் நிற்கும் காவலாளி உள்ளே போகிற ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் விடுவார். பீடி, சுருட்டு, தீப்பெட்டி எது அகப்பட்டாலும் அன்றைக்கு வேலை கிடையாது. புகைக்க முடியாதவர்கள் மென்றார்கள். தொண்டையில் படியும் பஞ்சுத் தூசிக்கு வெற்றிலையும் புகையிலையும்தான் மருந்து என்று அங்கே எல்லோரும் நம்பினார்கள். கந்தப்பன் தடவிப் பார்க்கும்வரை காத்திருக்க மாட்டார். சட்டைப் பையிலிருந்து சுருக்குப்பையைத் தானே எடுத்து நீட்டிவிடுவார்.

"பொகையிலதானுங்க."

"பத்த வெக்கற சமாச்சாரம் ஒண்ணுமில்லையே? போ, போ."

ஏறக்குறைய ஒன்பதாயிரம் நாள் இந்தப் பேச்சு நடந்திருக்கிறது. எரிகிற பொருள் குற்றம், எரியாத பொருள் குற்றமில்லை என்பது அவர் மனதில் அப்படித்தான் ஊன்றிப் போயிற்று.

1979இல் தம்பி சென்னியப்பனும் அதே ஆலையில் சேர்ந்தான். அண்ணனுக்கு ஆறு வயது இளையவன். அண்ணன் காலை ஷிஃப்ட்டு, தம்பி மாலை ஷிஃப்ட்டு. மூன்றரை மணிக்குச் சங்கு ஊதும்போது ஒருவர் வெளியே வருவார், ஒருவர் உள்ளே போவார். இருவருக்கும் சேர்த்து ஒரே சுருக்குப்பைதான். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அது அண்ணன் கையிலிருந்து தம்பி கைக்கு மாறும். பேசிக்கொள்ள நேரம் இருக்காது. வீட்டில் முதல் நாள் ஏதாவது மனத்தாங்கல் நடந்திருந்தால், தப்பு யார் மேலோ அவர் பைக்குள் புது இலை ஒன்றை மடித்து வைத்திருப்பார். வாங்கியவர் பையைத் திறந்து பார்ப்பார், ஒரு கிள்ளு வாயில் போடுவார். அத்தோடு தீர்ந்தது. மன்னிப்பு என்ற வார்த்தையை அந்த வீட்டில் யாரும் வாயால் சொன்னதில்லை.

ஒரே ஒரு முறை பை காலியாக மாறியது. 1984இல் அண்ணனின் சைக்கிளைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு காந்திபுரத்துக்குச் சினிமா பார்க்கப் போன சென்னியப்பன், அதைத் தொலைத்துவிட்டு நடந்து வந்தான். மறுநாள் மூன்றரை மணிக்குக் கந்தப்பன் ஒரு துணுக்குகூட இல்லாமல் உதறிய பையைத் தம்பி கையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த சென்னியப்பன் சோற்றைத் தொடவில்லை.

"காலிப் பையக் குடுத்துப்போட்டாருங்கண்ணி" என்று அண்ணி நாச்சியம்மாளிடம் சொல்லிவிட்டு, இருபத்தைந்து வயது ஆள், அடுப்படியில் உட்கார்ந்து அழுதானாம்.

"சைக்கிள் போனா இன்னொரு சைக்கிளு. ரெண்டு பேரும் மில்லுல மிஷினோட பழகிப் பழகி மிஷினாவே போயிட்டீங்க" என்று நாச்சியம்மாள் புருஷனைப் பிடித்துக் காய்ச்சி எடுத்தாள். மறுநாள் பையில் புது இலை இருந்தது.

நாச்சியம்மாள் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது சென்னியப்பனுக்குப் பதினாறு வயது. தனக்கு மகன் பிறக்கவில்லை என்ற குறை அவனால் தீர்ந்தது என்று அவள் இப்போதும் சொல்வாள். சுருக்குப்பைகளைத் தைத்துக் கொடுத்ததும் அவள்தான். ஒன்று நைந்தால் இன்னொன்று.

1993இல் சென்னியப்பன் கப்பல் கட்டும் வேலைக்குச் சிங்கப்பூர் போனான். மனைவி தெய்வாத்தாளையும் பிறகு கூட்டிக்கொண்டான். மகன் கவின் அங்கேயே பிறந்து படித்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார்கள். வந்த மறுநாள் காலையில் அண்ணனும் தம்பியும் வாசலில் உட்கார்ந்து ஒரே பையிலிருந்து கிள்ளிப் போட்டுக்கொள்வார்கள். 2009வரை இப்படித்தான் போயிற்று.

2009 நவம்பர் பன்னிரண்டு, வியாழக்கிழமை, காலை ஆறேகாலுக்குச் சென்னிமலைக்குப் பக்கத்தில் சொந்த ஊரில் ஆத்தா இறந்தாள். தகப்பனுக்கு மூத்த மகன், தாய்க்கு இளைய மகன் கொள்ளி வைப்பது அவர்கள் வழக்கம். தகப்பனுக்குக் கந்தப்பன் வைத்தாயிற்று. எட்டு மணிக்குச் சிங்கப்பூரிலிருந்து போன் வந்தது.

"அண்ணா, டிக்கெட் எடுத்துப்போட்டேன். நாளைக்கு வெடியால வந்தர்றேன். நா வந்துதான் வெப்பேன். அதுவரைக்கும் வெச்சிருங்க."

"செரிடா."

கந்தப்பன் செரி என்றுதான் சொன்னார். ஆனால் மதியத்துக்கு மேல் பங்காளிகள் கூடி உட்கார்ந்தார்கள். வெள்ளிக்கிழமை பிணம் எடுக்கக் கூடாது, சனிக்கிழமைவரை வைக்கவும் கூடாது, இன்றைக்கே ஆக வேண்டும் என்றார்கள். ஆளுக்கொரு பக்கமாக நெருக்கினார்கள். கந்தப்பன் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத ஆள். மாலை ஐந்தரை மணிக்கு அவரே கொள்ளி வைத்தார்.

மறுநாள் காலை ஒன்பது நாற்பதுக்கு டாக்ஸியில் வந்து இறங்கிய சென்னியப்பனைச் சுடுகாட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாம்பலைக் காட்டினார்கள்.

"செரின்னு சொன்னீங்களேண்ணா?"

"பங்காளிக ஒத்துக்கலடா."

"எனக்குன்னு பாத்தியமா இருந்தது அந்த ஒண்ணுதான். அதையும் நீங்களே வெச்சுப்போட்டீங்க."

மூன்றாம் நாள் அவன் கிளம்பினான். அதற்குப் பிறகு ஊருக்கு வரவில்லை. நாச்சியம்மாளோடு மட்டும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போனில் பேசுவான். "அண்ணங்கிட்டக் குடுக்கட்டுமா தம்பி?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் "வேலைக்கு நேரமாச்சுங்கண்ணி" என்பான். பதினான்கு வருடம் அப்படியே கழிந்தது. கந்தப்பனுக்குப் போன் போடத் தெரியாமலில்லை. என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. தப்பு அவர் பக்கம். அதற்கு அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. அதைப் போனில் செய்ய முடியாது.

2024 ஜனவரி இருபத்தெட்டு, ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொன்றரைக்குக் கந்தப்பனின் போன் அடித்தது.

"பெரீப்பா, நா கவின் பேசறேனுங்க. அப்பாவுக்குக் கணையத்துல புத்துன்னு சொல்லிட்டாங்க. மத்த எடத்துக்கும் பரவிருச்சு. இனி வாரக் கணக்குதானாம்." குரலை அடக்கிக்கொண்டு அவனே தொடர்ந்தான். "அப்பா உங்ககிட்டப் பேசோணுமாம். தனியாப் பேசோணும், நீ வெளிய போங்கறாரு. குடுக்கறேனுங்க."

கந்தப்பன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அண்ணா."

"டே, சென்னி."

"வருவீங்களா?"

"வாரேன்டா. வராம?"

சென்னியப்பன் சொன்னான்: "வரும்போது பையக் கொண்டாங்கண்ணா. என்னால இனி மெல்ல முடியாது. ஆனாலும் கொண்டாங்க. புள்ளைககிட்டச் சொல்லிப்போடாதீங்க. இந்த ஒடம்புக்குப் பொகையிலையான்னு கவினு சண்டைக்கு வருவான்."

"சொல்லலடா" என்றார் கந்தப்பன்.

மொத்தம் ஒன்றே முக்கால் நிமிடப் பேச்சு. போனை வைத்ததும் நாச்சியம்மாளிடம் அப்படியே ஒப்பித்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவருக்கு மனசு ஆறிப்போச்சுங்க. இல்லீன்னாப் பையக் கேப்பாரா? புது எலையா வெச்சுக் குடுங்க. பழசக் கிள்ளி வெச்சறாதீங்க."

"அது எனக்குத் தெரியாதா புள்ள?"

கந்தப்பனிடம் பாஸ்போர்ட் இல்லை. அவசரத்தில் எடுத்தார்கள். படம் எடுத்த கடையில் சிரிக்கக் கூடாது என்று சொன்னார்களாம். "நல்ல வேளை. நாப்பத்தொம்பது வருசமா நானும் அதத்தான் பாத்துட்டிருக்கேன்" என்றாள் நாச்சியம்மாள். விசாவும் டிக்கெட்டும் கவின் பார்த்துக்கொண்டான். இறங்குவதற்கு முன்னால் நிரப்ப வேண்டிய படிவத்தையும் அவனே தன் போனில் நிரப்பி முடித்தான். ஆகவே என்ன கொண்டுவரலாம், என்ன கொண்டுவரக் கூடாது என்று எழுதியிருந்த ஒரு வரியும் கந்தப்பன் கண்ணில் படவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. கேட்டால் கவினுக்குத் தெரிந்துவிடும்.

காந்திபுரத்தில் இரண்டு கடை ஏறி இறங்கி, நரம்பு முறியாத இலையாகப் பொறுக்கி வாங்கினார். நாச்சியம்மாள் தன் பழைய நீலச் சேலை ஒன்றைக் கிழித்துப் புதுப் பை தைத்தாள். முழங்கால் வலியில் தரையில் உட்கார முடியாமல், கட்டிலில் உட்கார்ந்து தைத்தாள்.

"என்ற காலு நல்லா இருந்தா நானே கொண்டுபோயிக் குடுத்திருப்பேன். நீங்க குடுத்தா அவரு வாங்கறப்பப் பக்கத்துல நின்னு நல்லாப் பாத்துட்டு வாங்க. வந்து எனக்குச் சொல்லோணும்."

பிப்ரவரி இருபத்தொன்று, புதன்கிழமை, கோவையில் ஏறிச் சென்னையில் விமானம் மாறினார். சென்னையில் சோதனை செய்த இடத்தில், முன்னால் நின்றவரிடமிருந்து லைட்டரைப் பிடுங்கித் தொட்டியில் போட்டார்கள். கந்தப்பன் கேட்காமலே பையை எடுத்து நீட்டினார். சோதித்தவர் மோந்து பார்த்துவிட்டு, "பொகையிலையா பெருசு? வச்சுக்க" என்று திருப்பிக் கொடுத்தார். உள்ளே ஒரு கடையில் சிகரெட்டுப் பெட்டிகளைச் செங்கல் அடுக்கியதுபோல் அடுக்கி விற்றுக்கொண்டிருந்தார்கள். பற்றவைக்கிற பொருளையே இப்படி விற்கிறார்கள், நம்முடையது எந்த மூலைக்கு என்று நினைத்துக்கொண்டார்.

விமானத்தில் பக்கத்து இருக்கையில் முஸ்தபா என்பவர். ராமநாதபுரம் பக்கம், சிங்கப்பூரில் பதினோரு வருடமாகக் கட்டட வேலை.

"ஐயா மொதத் தடவையா? சிகரெட்டு கிகரெட்டு வச்சிருக்கீங்களா?"

"அந்தப் பழக்கமே இல்லீங்க."

"அப்பச் சரி. ஒத்தைச் சிகரெட்டா இருந்தாலும் சொல்லி வரி கட்டணும். நம்ம கூட்டாளி ஒருத்தன் சொல்லாமக் கொண்டுபோயி, ஒரு மாசச் சம்பளத்த அபராதமாக் கட்டுனான்."

"பத்த வெக்கற எதையும் நாந் தொட்டதே இல்லீங்க."

"பிறகென்ன, கைய வீசிக்கிட்டுப் போகலாம்" என்றார் முஸ்தபா.

மாலை ஐந்து ஐம்பதுக்கு விமானம் இறங்கியது. ஆறு இருபத்தைந்துக்குப் பெட்டியோடு கந்தப்பன் வெளிவாசலை நோக்கி நடந்தார். அறிவிக்க ஒன்றும் இல்லாதவர்கள் போகும் பச்சை வழியில் எல்லோரும் போனார்கள், அவரும் போனார். ஓர் இளம் பெண் அதிகாரி அவர் பெட்டியை மேசைமேல் வைக்கச் சொன்னாள். சட்டையில் ஃபர்சானா என்று பெயர் இருந்தது. ஊறுகாய் பாட்டிலையும் பருப்புப் பொடியையும் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். வேஷ்டி கட்டிய ஆளைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டாள்.

"சிகரெட், மது ஏதாவது இருக்குதா ஐயா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் பெட்டியை மூடிக் கொடுத்திருப்பாள். அவள் சட்டைப் பையைப் பார்க்கவே இல்லை. ஆனால் சீருடை போட்ட ஒருவர் கேட்டால் கந்தப்பனின் கை என்ன செய்யும் என்பது ஒன்பதாயிரம் நாளாகத் தீர்மானமான விஷயம். நீலப் பை மேசைமேல் வந்துவிட்டது.

"இது மட்டுந்தானுங்க அம்மிணி. மெல்லற பொகையில. இதுல நெருப்பே கெடையாதுங்க."

அவள் பையைத் திறந்து பார்த்தாள். முகம் மாறியது.

"ஐயா, சிகரெட்டா இருந்தா வரி கட்டிட்டு எடுத்துட்டுப் போகலாம். மெல்லுற புகையிலைய உள்ள விடவே முடியாது. சொந்த உபயோகத்துக்கு, கொஞ்சூண்டு இருந்தாலும் முடியாது."

கந்தப்பனுக்கு அது தலைகீழாகக் கேட்டது. "எரியறத உட்டுருவீங்க, எரியாதத உடமாட்டீங்களா?"

"சட்டம் அப்படித்தான் ஐயா."

"ஒரு கிள்ளு மட்டும் எடுத்துக்கறேனுங்க. மிச்சத்த நீங்களே வெச்சுக்குங்க."

"கிள்ளுனாலும் புகையிலைதானே?"

"என்ற தம்பி ஆசுபத்திரியில சாகக் கெடக்கறானுங்க அம்மிணி. அவனுக்குத்தான்."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அப்படி இருக்கறவங்களுக்கு இதப் போயிக் குடுக்கலாமா ஐயா?"

"திங்க இல்லீங்க. குடுக்க."

அவளுக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும்? அவரை ஓர் அறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தாள். மேலதிகாரி வர வேண்டியிருந்தது. இலையைத் தராசில் வைத்தார்கள். நாற்பத்தாறு கிராம். பாஸ்போர்ட்டை நகல் எடுத்தார்கள், விவரம் எழுதினார்கள், கையெழுத்து வாங்கினார்கள். தானாக எடுத்துக் காட்டியதாலும் வயதாலும் எச்சரித்து விடுவதாக மேலதிகாரி சொன்னதை ஃபர்சானா தமிழில் சொன்னாள். ஒருவர் முகத்திலும் கடுமை இல்லை. குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தார்கள். கடைசியில் அவள் பையைத் தலைகீழாகப் பிடித்து, ஒரு துணுக்கும் ஒட்டியிராமல் உதறி, நாலாக மடித்து அவரிடம் கொடுத்தாள்.

"துணிப் பைதானே, இத நீங்க எடுத்துக்குங்க ஐயா."

நல்லது நினைத்துத்தான் கொடுத்தாள்.

வெளியே வரும்போது மணி எட்டு பத்து. கவின் ஓடி வந்தான்.

"என்னாச்சுங்க பெரீப்பா? ரெண்டு மணி நேரமா நிக்கறேன்."

"ஊறுகாயப் பாத்தாங்க கண்ணு."

"ஊறுகாய்க்கா இத்தன நேரம்?"

கந்தப்பன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தார். தம்பிக்குக் கொடுத்த வாக்கு இருந்தது.

மருத்துவமனை போய்ச் சேர்ந்தது எட்டு ஐம்பதுக்கு. சென்னியப்பன் தூங்கிக்கொண்டிருந்தான். கட்டிலில் பாதி ஆள்தான் இருந்தது. தெய்வாத்தாள் எழுந்து நின்று கும்பிட்டாள்.

"எட்டு மணி வரைக்கும் முழிச்சுட்டேதான் இருந்தாருங்க மாமா. கதவுச் சத்தம் கேக்கறப்பெல்லாம் தலையத் தூக்கித் தூக்கிப் பாத்தாரு. அண்ணன் வந்துட்டாரா, அண்ணன் வந்துட்டாரான்னு. கடைசீல வலி தாங்க முடியாம ஊசி போட்டாங்க."

ஆறு இருபத்தைந்துக்கே வெளியே வந்திருந்தால் ஏழு ஐந்துக்குக் கட்டிலருகே நின்றிருக்கலாம். ஐம்பத்தைந்து நிமிடம் முழு நினைவோடு தம்பி கிடைத்திருப்பான். கையில் இலை இல்லாவிட்டாலும் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கலாம். கவினின் வீட்டில் படுத்துக்கொண்டு இந்தக் கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டார்.

மறுநாள் வியாழக்கிழமை காலை ஏழு ஐம்பதுக்குப் போனபோது சென்னியப்பனின் கண் திறந்திருந்தது. கவின் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தான். தெய்வாத்தாள் முகம் கழுவப் போனாள். கந்தப்பன் இந்த நேரத்துக்காகத்தான் காத்திருந்தார். முதலில் நடந்ததைச் சொல்ல வேண்டும், பிறகுதான் பையைக் காட்ட வேண்டும் என்று வரிசைப்படுத்தி வைத்திருந்தார்.

"டே, சென்னி" என்று குனிந்தார்.

குனிந்தபோது சட்டைப் பை தம்பியின் கண்ணுக்கு நேரே வந்துவிட்டது. நீலத் துணியும் சுருக்குக் கயிறும் வெளியே தெரிந்தன. சென்னியப்பன் சிரித்தான். பதினான்கு வருடத்துக்குப் பிறகு அண்ணனைப் பார்த்துச் சிரித்தான். ஊசி குத்தியிருந்த கையை மெல்லத் தூக்கி, இரண்டு விரலால் பையை உருவி எடுத்தான். கந்தப்பன் "இருடா, இரு" என்பதற்குள் கயிறு தளர்ந்துவிட்டது.

விரல் பைக்குள் போய்த் துழாவியது. ஒரு மூலை, இன்னொரு மூலை. பிறகு நின்றது.

"காலியாண்ணா?"

"இல்லடா, கேளு..."

"இன்னும் ஆறலீங்களா உங்களுக்கு?"

"ஐயோ, அப்படியில்லடா. புது எலை வெச்சுத்தான் கொண்டாந்தேன். ஏர்போர்ட்டுல புடுங்கிப்போட்டாங்க. நெருப்பில்லாததையும் எடுத்துக்கறாங்கடா இந்த ஊருல. சாமி சத்தியமா..."

சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டான். கேட்டுவிட்டு மூடினானா, கேட்காமல் மூடினானா என்பது கந்தப்பனுக்குத் தெரியவில்லை. பை போர்வைமேல் கிடந்தது. நர்ஸ் வந்து மருந்தின் அளவைக் கூட்டினாள். அதற்குப் பிறகு அவன் வாயிலிருந்து பொருளுள்ள வார்த்தை எதுவும் வரவில்லை.

அன்று மதியம் கோயிலுக்குப் போக வேண்டும் என்று கவினிடம் சொல்லி, தமிழர் கடைகள் இருக்கும் தெருவுக்குப் போனார். கவின் செருப்பு விடும் இடத்தில் நின்றபோது பக்கத்துக் கடைக்குள் நுழைந்தார். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு எல்லாம் இருந்தது.

"பொகையில கெடைக்குங்களா?"

கடைக்காரர் அக்கம்பக்கம் பார்த்தார். "பெரியவரே, அந்தப் பேச்சே எடுக்காதீங்க. வித்தாலும் தப்பு, வச்சிருந்தாலும் தப்பு. ஊருக்குப் போயிப் போட்டுக்குங்க."

இரண்டு வெற்றிலையும் ஒரு பாக்கும் வாங்கி, காலையில் போர்வைமேலிருந்து எடுத்து வைத்திருந்த பைக்குள் போட்டார். மாலையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அந்தப் பையைத் தம்பியின் உள்ளங்கையில் வைத்தார். விரல்கள் மடங்கவில்லை. அவரே ஒவ்வொரு விரலாக மடித்துவிட்டார். கையை எடுத்ததும் அவை மறுபடி விரிந்துகொண்டன.

வெள்ளிக்கிழமை முழுதும் கட்டிலருகே உட்கார்ந்து காதோரம் குனிந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தார். புது எலைதாண்டா, நாப்பத்தாறு கிராமு, நரம்பு முறியாத எலை, உங்கண்ணி தச்ச பை. தெய்வாத்தாள் பார்த்துவிட்டு, "மாமா சாமி கும்பிடறாரு" என்று மகனிடம் சொன்னாள்.

பிப்ரவரி இருபத்துநான்கு, சனிக்கிழமை, பகல் பதினொன்று இருபத்தைந்துக்குச் சென்னியப்பன் இறந்தான். அறுபத்தைந்து வயது. மறுநாள் தகனம். பெட்டிக்குள் வைக்க வேண்டியதை வைக்கலாம் என்று சொன்னபோது ஆளுக்கொன்று வைத்தார்கள். கந்தப்பனின் கை சட்டைப் பைவரை போய்த் திரும்பிவிட்டது. அதே பையை இரண்டாம் முறையும் கொடுக்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

சிங்கப்பூரில் இருந்த நாளெல்லாம் கவினின் போனில்தான் நாச்சியம்மாளோடு பேசினார். பக்கத்தில் எப்போதும் யாராவது இருந்தார்கள். அவளும் பையைப் பற்றிக் கேட்கவில்லை, அழுதாள். புதன்கிழமை இருபத்தெட்டாம் தேதி மாலை அவர் வீடு வந்து, குளித்து, தலை துவட்டிக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் கட்டிலிலிருந்து கேட்டாள். அழுது அழுது கண் இமை வீங்கியிருந்தது.

"ஏனுங்க. பைய வாங்குனாருங்களா?"

கந்தப்பன் துண்டை மடித்தார். இந்தக் கேள்விக்கு விமானத்தில் நாலு மணி நேரம் பதில் தேடியிருந்தார். நடந்ததை நடந்தபடி சொல்வது என்று தீர்மானித்துத்தான் வீட்டு வாசலேறினார்.

"வாங்குனான்" என்றார்.

அதுவரை பொய்யில்லை.

"தொறந்து பாத்தாருங்களா?"

"பாத்தான்."

"புது எலைன்னு தெரிஞ்சுதா அவருக்கு?"

அவள் முகம் முழுதும் அந்தக் கேள்வியில் வந்து நின்றது. பதினாறு வயதில் கையில் வாங்கிய பிள்ளை. பதினான்கு வருடமாகப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவள் போனை நீட்டி நீட்டிப் பார்த்ததெல்லாம் இதற்காகத்தான்.

"தெரிஞ்சுது புள்ள."

"வாயில போட்டாருங்களா?"

"மெல்ல முடியல. மோந்து பாத்தான்."

"என்ன சொன்னாரு?"

கந்தப்பன் சுவரைப் பார்த்தார். "நல்ல எலைன்னான்."

நாச்சியம்மாள் ஓவென்று அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே சிரித்தாள். "எனக்குத் தெரியுமுங்க. எந்தம்பி மனசுல வெச்சுட்டுப் போகமாட்டாருன்னு எனக்குத் தெரியும்."

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். ஆத்தாளின் சாவுக்கு நெருக்கிய பங்காளிகளில் உயிரோடிருந்த இரண்டு பேரும் வந்திருந்தார்கள். நாச்சியம்மாள் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து நடந்ததைச் சொன்னாள். அண்ணன் புது இலை கொண்டுபோனதும், தம்பி கை நீட்டி வாங்கியதும், மோந்து பார்த்து நல்ல எலை என்றதும், அத்தோடு நிம்மதியாகக் கண்ணை மூடியதும். ஒரு தடவை சொன்னதற்கும் இன்னொரு தடவை சொன்னதற்கும் வித்தியாசமே இல்லை.

"அப்படீங்களா கந்தப்பா?" என்று ஒரு பங்காளி திரும்பிக் கேட்டார். "எப்படியோ, ரெண்டு பேரும் ஒண்ணாயிட்டீங்க. அது போதும்."

"ஆமாங்க" என்றார் கந்தப்பன். வந்தவர்களுக்கு இலை போட எழுந்து உள்ளே போனார்.